கையுறை மாட்டும் நேரத்துப் பாடம்

மேடையில் இருக்கிற பெரியவர்களுக்கும், சங்கத் தலைவருக்கும், வேலை முடிந்து ஈரக் கையோடு வந்து நிற்கிற என் சலவைக்கூடத்து மக்களுக்கும் வணக்கம். நம்மை விட்டுப் போன அக்காவின் மகள் முன்வரிசையில் இருக்கிறாள், அவளுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

எனக்கு மேடைப்பேச்சு வராது. ஐந்தாவதோடு நின்றவள். அழுதுவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். வாசலில் ஒட்டியிருக்கிற அறிவிப்பை ஒருத்தி படித்துக் காட்டினாள். அழுகை நின்றுவிட்டது.

நம் மேற்பார்வையாளரை, அந்த மகராசியை, நாம் ஏன் பொட்டலம் அக்கா என்று கூப்பிட்டோம்? பாடத்தைப் பொட்டலம் பொட்டலமாகத்தான் தருவார். ஒரு நாளைக்கு ஒரே விஷயம். நாம் கையுறை மாட்டி முடிப்பதற்குள் சொல்லிவிடுவார். அதை நாம் நம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் மெஷின் ஓடாது.

கம்பெனி ஒருமுறை நாள் முழுக்க வகுப்பு வைத்தது. திரையில் படம் ஓடியது. நாம் தூங்கினோம்.

“என்னடி கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டார் அக்கா.

“ஏசி நல்லா இருந்துச்சுக்கா” என்றாள் மடிப்பு மேசைக்காரி.

“சட்டிச் சோத்த ஒரே வாயில திணிச்சா விக்கத்தானே செய்யும்.”

இஸ்திரி உருளையில் போர்வை சிக்கினால் புதிதாக வந்தவள் என்ன செய்வாள்? இழுப்பாள். வீட்டில் இழுத்துப் பழகிய கை. நான் சேர்ந்த புதிதில் ஒரு காலைப் பொட்டலம் இதுதான்: “சிக்குனா விட்ரு. சிவப்புப் பட்டன அமுக்கு.” அன்றைக்கே சிக்கியது. விட்டேன், பட்டனை அமுக்கினேன். உருளைச் சூட்டில் போர்வை கருகிப்போனது. மேனேஜர் குதித்தார்.

“போர்வை போனா வேற வரும் சார். இவ கை போனா நீங்க குடுப்பீங்களா?” என்றார் அக்கா.

அந்தக் கைதான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறது.

மேனேஜர் ஐயா, அக்கா படத்துக்குப் பூ வைத்தீர்கள், நன்றி. அறிவிப்பில் என்ன போட்டிருக்கிறீர்கள்? நாளை முதல் காலைப் பாடம் கிடையாது, வருஷத்துக்கு ஒரு வகுப்பு போதும் என்று. அக்கா மகளின் கண்ணீர்கூடக் காயவில்லை. அதற்குள் என்ன அவசரம்?

நாளைக்கு உருளைப் பக்கம் ஒரு புதுப்பெண் வேலைக்கு வருகிறாள். அவளுக்குப் பாடம் உண்டு. நான் சொல்வேன். என்னை நிறுத்தினால் மடிப்பு மேசைக்காரி சொல்வாள். அவளையும் நிறுத்தினால் வண்டி தள்ளுகிற அண்ணன் சொல்வார். எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்புவீர்கள்?

அக்கா, நீங்கள் நிம்மதியாகப் போங்கள்.

ஐயா, தடுக்க வருவதானால் சீக்கிரம் வாருங்கள். எங்கள் பாடம் சின்னது. நீங்கள் உங்கள் மாடி அறையிலிருந்து படியிறங்கி வருவதற்குள் அவள் கற்றுக்கொண்டுவிடுவாள்.