அக்கா, நீயா எழுதுற?

ஆன்லைனில் பறிபோன கணக்கை மீட்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை சார். பொறுமை வேண்டும், பிழையில்லாமல் நாலு வரி எழுதத் தெரிய வேண்டும். இந்த இரண்டும் ஊரில் யாரிடமும் இல்லாததால்தான் என் கடை ஓடியது.

வருகிறவர்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எவனோ போன் செய்து, "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு, இப்ப ஒரு நம்பர் வரும், படிச்சுச் சொல்லுங்க" என்பான். இவர்கள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எண்ணாக நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டுவார்கள். சாவியைத் திருடன் கையில் கொடுத்து, பூட்டு கொஞ்சம் இறுக்கமா இருக்கும் தம்பி, தூக்கித் திற என்று சொல்லாத குறைதான். பிறகு அவன் இவர்கள் பெயரில், இவர்கள் படத்தோடு, தெரிந்தவர்களிடமெல்லாம் கை நீட்டுவான். இவர்கள் என் வாசலில் வந்து மூக்கைச் சிந்துவார்கள்.

நான் யாரையும் திட்டியதில்லை. நாற்காலியைக் காட்டுவேன், தண்ணீர் கொடுப்பேன். பிறந்த தேதி என்ன என்று கேட்பேன். "பள்ளிக்கூடத்துல குடுத்ததா, நிஜமாப் பொறந்ததா?" என்பார்கள். தான் இன்னார் என்று நிரூபிக்க வந்த இடத்தில் இந்தக் கேள்வி. அடையாளத்தைத் திருடிவிட்டான் என்கிறார்களே, அது இவர்களிடம் இருந்தால்தானே அவன் திருட?

தையற்காரியும் அப்படி வந்தவள்தான். பள்ளிச் சீருடை தைக்கிறவள். ஒற்றை அறை, அதில் பாதியை மெஷின் அடைத்துக்கொண்டிருக்கும். அவள் பெயரில் எவனோ, 'ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன், உதவுங்கள்' என்று வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் எழுதியிருந்தான். அந்த அவமானம்கூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. "என் தங்கச்சிக்கு நான் எழுதலைன்னா பயந்துருவா தம்பி" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். தங்கை வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அந்த வீட்டில் போனில் பேசினால் புருஷன் பக்கத்தில் வந்து நிற்பானாம். அதனால் அக்கா தங்கை இரண்டு பேருக்கும் எழுத்து மட்டும்தான். அந்தக் கணக்கு போனால் தங்கையும் போனாள்.

மீட்டுக் கொடுத்தேன். அடையாள அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தேன். கம்பெனிக்கு எழுதினேன். நிராகரித்தார்கள், மறுபடி எழுதினேன். கணக்கு திறந்ததும் என் எதிரிலேயே உட்கார்ந்து தங்கைக்குத் தட்டினாள்: 'பயப்படாத. அளாத. நான்தான்.'

"அம்மா, அழுகைக்கு ழ போடணும்" என்றேன்.

சிரித்தாள். "எனக்கு எல்லாத்துக்கும் ளதான் தம்பி. அவளுக்குப் புரியும்." நீங்க நல்லா இருக்கணும் என்று வாழ்த்திவிட்டுப் போனாள்.

எனக்கு அன்று எரிச்சலாக இருந்தது, மறைக்க விரும்பவில்லை. இவ்வளவு பாடுபட்டு மீட்டது இந்த லட்சணத்தில் எழுதுவதற்கா?

மீட்கிற எல்லாக் கணக்குக்கும் மீட்பு எண்ணாக என் எண்ணைப் போடுவது என் வழக்கம். என் கம்ப்யூட்டரிலும் போனிலும் திறந்து வைத்துக்கொள்வேன். நாளைக்கே இன்னொருவன் பரிசு விழுந்திருக்கிறது என்பான், இவர்கள் மறுபடி வாசித்துக் காட்டுவார்கள். யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டாமா? ஸ்டேஷன் வாசலில் நிற்கும் உங்கள் கான்ஸ்டபிள், வேலியே பயிரை மேய்ந்த கதை என்றார். வேலி இல்லாத பயிரை ஊர் மாடெல்லாம் மேயும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

முதலில் பாதுகாப்புக்காகத்தான் பார்த்தேன். பார்த்தால் படிக்காமல் இருக்க முடியாது. படித்தால் சும்மா இருக்க முடியாது. சொல்புத்தியும் இல்லாத, சுயபுத்தியும் இல்லாத ஜனங்கள் சார். ரிட்டையரான டிரைவர் ஒருவர், தப்பெல்லாம் மகன் மேல் இருக்க, இவர் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார். மகன் கண்ணில் படுவதற்குள் அழித்தேன். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. சண்டையும் இல்லை. எனக்கு யாரும் நன்றி சொல்லவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஒரு மத்தியானம் தையற்காரிக்குத் தங்கை எழுதினாள். 'அக்கா, இன்னைக்கு ரொம்ப அடிச்சிட்டாரு. மாடிக்கு இழுத்துட்டுப் போயி தள்ளிருவேன்னாரு. கெளம்பி வந்துரட்டுமா? நீ வான்னு சொன்னா இப்பவே வந்துருவேன்.'

அக்காக்காரி மெஷினில் இருந்தாள். தைக்கும்போது போனைத் தொட மாட்டாள். பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். 'வாடி' என்று ஒரே வார்த்தை. முன்னும் யோசிக்க மாட்டாள், பின்னும் யோசிக்க மாட்டாள். அந்த அறையில் இன்னொருத்தி எங்கே படுப்பாள்? இரண்டு குடும்பமும் குட்டிச்சுவராகும். அதனால் நான் எழுதினேன்.

'அழாதே. வாழ்க்கை என்றால் மேடு பள்ளம் இருக்கத்தான் செய்யும். பொறுத்துக்கொள். இங்கே வராதே. கிழிந்ததைத் தைத்துப் போட்டுக்கொள்ளத் தெரிந்தவள்தான் பெண்.'

கடைசி வரி ஒரு தையற்காரி சொல்வதுபோல் பொருத்தமாக அமைந்துவிட்டது. படித்துப் பார்த்தேன், ஓர் எழுத்துப் பிழை இல்லை.

பிறகு, 'அக்கா, நீயா எழுதுற?' என்று கேட்டாள்.

'வேறு யார் எழுதுவார்கள்?' என்று போட்டேன்.

'சரிக்கா' என்றாள்.

அக்காவின் கணக்கில் எல்லாவற்றையும் அழித்தேன். அந்த வாரமே தங்கை மாடியிலிருந்து விழுந்து இறந்துவிட்டாள் என்று அவன் வீட்டில் சொன்னார்களாம். விழுந்தாளா, தள்ளினானா என்பது உங்கள் வேலை. அதில் நான் கருத்துச் சொல்வது முறையல்ல.

தங்கையின் துணிமணியோடு அவள் போனையும் அக்காவிடம் கொடுத்திருக்கிறார்கள். என்னால் அதில் அழிக்க முடியவில்லை, அது என் கைக்கு வந்த கணக்கு இல்லை. தையற்காரி நேராக என் கடைக்கு வந்தாள். அழவில்லை. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. போனை என் முன்னால் வைத்து, எழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இந்த ழ என் கைக்கு வராது தம்பி. சின்ன வயசுல இருந்தே வராது. அது அவளுக்கும் தெரியும். அதான் நீயான்னு கேட்டிருக்கா." அவள் குரல் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். அன்று பக்கத்துக் கடைக்குக்கூடக் கேட்டிருக்காது. "அன்னைக்கு என் எழுத்தைத் திருத்துன ஆள் நீங்க ஒருத்தர்தான். நீங்களா எழுதுனீங்க?"

திருடன் மறுபடி புகுந்துவிட்டான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். ஏற்கெனவே ஏமாந்தவள்தானே. ஆனால் பரிசு விழுந்திருக்கிறது என்று பிழைக்கிற ஒரு பயல் அப்படி நாலு வரி எழுதிவிடுவானா? அதை அவன் பெயரில் எழுத எனக்கு மனசு வரவில்லை. "ஆமாம்மா, நான்தான்" என்றேன். ஏன் எழுதினேன் என்றும் விளக்கினேன். அவள் பாதியிலேயே எழுந்து... இல்லை, அவள் உட்காரவே இல்லை, நின்றபடியே திரும்பி உங்களிடம் வந்துவிட்டாள். முழுவதும் கேட்கிற பொறுமை அவளுக்கு இல்லை.

உண்மை அவ்வளவுதான் சார். கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் ஒரு சின்ன உதவி. உங்கள் மேசையில் என் போன் வெகுநேரமாக அதிர்ந்துகொண்டிருக்கிறது. இங்கிருந்தே திரையைப் படிக்க முடிகிறது. நான் கணக்கு மீட்டுக் கொடுத்த ஒருவரின் மகள் தன் அப்பாவிடம், 'நான் வீட்டுக்கு வந்துரட்டுமாப்பா?' என்று கேட்டிருக்கிறாள். அந்த மனுஷருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாது, வா என்று சொல்லிவிடுவார். ஐந்து நிமிஷம் அந்தப் போனைக் கொடுங்கள்.