எருமை ஜெயித்தால் என்ன சொல்லும்?

அவையைக் கட்டிக் காக்கும் தலைவர் அவர்களே! பேருந்துப் பணிமனையின் பெருமைக்குரிய மூத்த தொழிலாளர்களே! பிள்ளையை மடியிலும் பொறுமையை முகத்திலும் ஏந்தி முன்வரிசையில் வீற்றிருக்கும் தாய்மார்களே! வீடியோ கேம் போட்டியில் தோற்றுவிட்டுக் கடைசி வரிசையில் முறைத்துக்கொண்டிருக்கும் வீரர்களே! வணங்குகிறேன்.

"குரல் கலைஞர்" என்று தலைவர் என்னை அறிமுகம் செய்தார். உண்மையைச் சொல்லட்டுமா? நான் எருமை! (சிரிக்காதீர்கள் தம்பி, இன்னும் இருக்கிறது.) நீங்கள் இன்று திரையில் ஆடிய டென்னிஸ் விளையாட்டில் முயல் உண்டு, நரி உண்டு, தொப்பி போட்ட தவளை உண்டு. கொம்பில் ரிப்பன் கட்டிக்கொண்டு குப்புற விழுகிற கொழுத்த எருமையும் உண்டு. "ஐயய்யோ, போச்சே!" என்று அது அலறுகிறதே, அந்தத் தொண்டை என் தொண்டை!

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒலிப்பதிவு. மெத்தை ஒட்டிய சுவர்கள், ஒரு மைக், ஒரு டம்ளர் தண்ணீர். வழுக்கி விழுந்து ஓர் அலறல், வலையில் சிக்கி ஓர் அலறல், பந்து மூக்கில் பட்டு ஓர் அலறல் என்று நாற்பத்தோரு அலறல்! கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர், "இன்னும் கொஞ்சம் பரிதாபமா மேடம்!" என்றார். கடைசியில் கேட்டேன்: "தம்பி, எருமை ஜெயிச்சா என்ன சொல்லணும்?"

"அது சும்மா காமெடிக்கு மேடம். அதை வச்சு யார் ஜெயிக்கப் போறா?"

நான் சண்டை போட்டேனா? இல்லை! கையெழுத்துப் போட்டேன், கைப்பையை எடுத்தேன், வீட்டுக்குப் போனேன்!

அன்று பிடித்த தலைவலி. பல் டாக்டர் என் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, "அந்த ஐயய்யோவை ஒரு தடவை சொல்லுங்களேன்" என்கிறார். குளியலறையில் விழுந்து கணுக்கால் சுளுக்கிக் கத்துகிறேன், கூடத்திலிருந்து என் வீட்டுக்காரர், "இது நிஜமா, ரிகர்சலா?" என்கிறார். அவர் எழுந்து வருவதற்குள் கால் பூசணிக்காய்! (ஆமாம் அம்மா, சிரியுங்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தானா?)

பொறுத்தேன். ஆனால் இன்று பிற்பகல் இந்த மண்டபத்தில் நடந்ததை எப்படிப் பொறுப்பேன்?

இறுதி ஆட்டம். அந்தப் பக்கம் காசாளர், முயலோடு. இந்தப் பக்கம் உங்கள் வெல்டர் அக்கா, எருமையோடு. "ஏம்மா இதை எடுத்தீங்க?" என்று கேட்டேன். "யாருமே தொடாம கிடந்துச்சு மேடம். பழகிப் பார்த்தேன். மெதுவாத்தான் ஓடும், ஆனா அடிச்சா இடி" என்றார். அடித்தார்! இடித்தார்! முடித்தார்!

முயல் ஒரு புள்ளி எடுத்தாலே வாணவேடிக்கை, "நான்தான் ராஜா!" என்று கூச்சல். எருமை கோப்பையையே வென்றது. வாயைத் திறந்தது, மூடியது, திறந்தது. சத்தமே இல்லை! "ஊமை எருமை!" என்றார் ஒருவர். மண்டபம் சிரித்தது. வெல்டர் அக்கா மட்டும் சிரிக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஸ்பீக்கர் போச்சா மேடம்?" என்றார்.

ஸ்பீக்கரா போனது? என் மானம் போனது! விழுவதற்கு நாற்பத்தோரு குரல் கொடுத்த நான், வெல்வதற்கு ஒன்றே ஒன்று கொடுக்காமல் வந்தேனே! அதனால்தான் தலைவரின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி, "ஜெயிச்சுட்டேன்!" என்று கத்தினேன். (நகம் கீறியதற்கு மன்னியுங்கள் ஐயா.)

இந்த விளையாட்டின் இரண்டாம் பாகத்துக்குத் திங்கட்கிழமை ஒலிப்பதிவு. "முதலில் வெற்றிக் குரல், பிறகுதான் அலறல்" என்று இங்கிருந்தே கம்பெனிக்கு எழுதி அனுப்பினேன். தேநீர் ஆறுவதற்குள் பதில் வந்தது: "வேற குரல் பார்த்துக்கறோம்."

பார்க்கட்டும்! பயமாக இல்லையா என்கிறீர்களா? இருக்கிறது. வேலை போய்விட்டது. ஆனால் நான்கு ஆண்டுகளாகத் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்ததும் போய்விட்டது! இனி எந்தக் கம்பெனி கூப்பிட்டாலும், எந்த மிருகத்தைக் கொடுத்தாலும், என் முதல் வார்த்தை வெற்றி வார்த்தை!

வெல்டர் அக்கா, மேடைக்கு வாருங்கள். இதோ கோப்பை, இதோ மைக். என்ன தலையாட்டுகிறீர்கள்? "எனக்குப் பேச வராது"ன்னா சொல்றீங்க? யாரம்மா பேசச் சொன்னது? கத்துங்கள்!

இவ்வளவு நேரம் என் எரிச்சலுக்குக் காது கொடுத்த அனைவருக்கும் நன்றி. அக்காவின் குரலுக்கு வழிவிட்டு அமர்கிறேன். வணக்கம்!