கலங்கிய படத்தில் இரண்டு பேர்

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, எங்கள் தீவின் ஊர்த்தலைவர் கப்பித்தான் அவர்களே, படகுத்துறை அன்னையர் சங்கத்துச் சகோதரிகளே! காப்பிக் கோப்பையோடு வாசலில் நிற்பவர்களே, நீங்களும் கொஞ்சம் உள்ளே வாருங்கள். நான் ருஃபீனா. ஜொவெலினின் அம்மா. மறைந்த நம் சங்கத் தலைவி லியோனிலா படாயன் அவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்த அந்த வாரத்தை நம்மில் யார் மறந்தோம்? கரை ஒதுங்கிய பிள்ளைகளை அடையாளம் காணப் படம் கேட்டார்கள். நாம் என்ன கொண்டுபோனோம்? பள்ளிப் பட்டமளிப்புப் படம். இரவல் அங்கி, குஞ்சம் தொங்கும் தொப்பி. மச்சத்தை அழித்து, நிறத்தை வெளுத்து, விழுந்த பல்லையும் ஸ்டுடியோக்காரர் முளைக்கவைத்த படம். சுவரில் ஒட்டிப் பார்த்தால் எல்லாம் ஒரே பிள்ளையாக இருந்தது. மணலில் கிடத்தியிருந்தவர்களில் யாரும் அந்தப் பிள்ளை இல்லை.

லியோனிலா அக்கா மட்டும் அலமாரிக்குப் பின்னால் கிடந்த ஒரு படத்தை எடுத்துவந்தார். திருவிழாவன்று அவரே கை ஆடிப்போய் எடுத்த கலங்கல் படம். அவர் மகன் ஜுன்ரே வாயைப் பிளந்துகொண்டு ஓடிவருகிறான். நெற்றிக்கு மேலே படத்தில் விழாமல் வெட்டுப்பட்டிருக்கிறது. அக்காவின் கணவர், இப்போது அவரும் இல்லை, கூசிப்போனார்.

“இத எதுக்குடி கொண்டாந்த? மூஞ்சியே சரியாத் தெரியல. நாலு பேரு சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். பல்லு தெரியுதுல்ல?”

பாதி உடைந்த முன்பல். அதை வைத்துத்தான் ஜுன்ரேயைக் கண்டுபிடித்தார்கள். மகனைப் பார்த்துவிட்டு வந்த அக்கா அழவில்லை, எங்களைத் திட்டினார்.

“போங்கடி, வேணாம்னு வீசினதெல்லாம் எடுத்துட்டு வாங்க. கண்ண மூடினது, மூக்கு ஒழுகினது, அழுது அடம்புடிச்சது. அதுலதான்டி உங்க புள்ள இருக்கு.”

ஓடினோம். பல பிள்ளைகள் பெயரோடு அடக்கமானது அந்தத் திட்டால்தான்.

என் ஜொவெலின் கிடைக்கவே இல்லை. அவளுக்கு மாறுகண். கேமராவைக் கண்டாலே தலையைத் திருப்பிக்கொள்வாள். அவள் முகம் உள்ள படம் என்று என்னிடம் ஒன்றுகூட இல்லை. சில மாதம் கழித்து அக்கா அந்தக் கலங்கல் படத்தை என் மடியில் வைத்தார்.

“பல்லையே பாத்துட்டிருந்தோம். ஓரத்துல பாரு.”

ஓரத்தில், ஒரு தோள் வெட்டுப்பட்டு, என் மகள். ஜுன்ரே அவள் கையைப் பிடித்து இழுத்து வருகிறான். ஓட்டத்தில் முகத்தைத் திருப்ப மறந்துவிட்டாள். ஒரு கண் கேமராவைப் பார்க்கிறது, ஒரு கண் அவனைப் பார்க்கிறது. அதைவிட அழகான முகத்தை நான் பார்த்ததில்லை.

“வெட்டி எடுத்துக்க ருஃபீனா. உம் புள்ள உனக்கு.”

“வெட்டினா அவன் கை போயிடுமேக்கா.”

வெட்டவில்லை. மழைக்காலத்தில் படம் அவர் வீட்டில் இருந்தது, கோடையில் என் வீட்டில். ஸ்டுடியோ படத்தில் நம் பிள்ளைகள் அசையாமல் நிற்கிறார்கள். உயிரோடு இருந்தபோது என்றாவது அப்படி நின்றார்களா?

ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறக்கும்போது, படகேறும் பிள்ளைகளை வாய் திறக்கச் சொல்லி, தழும்பும் மச்சமும் தெரிய அக்கா படம் எடுத்துவைத்தார். எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். அக்கா சொன்னதில்லை. அந்த வேலையைச் சங்கம் விடாது. இது அவர் சவப்பெட்டிக்கு முன்னால் நாங்கள் கொடுக்கும் வாக்கு. நாங்களும் காரணம் சொல்லப்போவதில்லை.

அந்தப் படத்தை அவரோடு வைத்துவிடலாமா என்று காலையில் சிலர் கேட்டீர்கள். ஆஸ்பத்திரியிலேயே அக்கா சொல்லிவிட்டார்: “அவன ஒருதடவ பொதைச்சிட்டேன். படத்தையும் பொதைக்கச் சொல்லாத.”

மழை தொடங்கிவிட்டது. வழக்கப்படி இந்த வாரம் நான் அதை அவர் வீட்டில் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்க அங்கே யாரும் இல்லை.

அக்கா, படம் இனி என்னிடமே இருக்கும். உங்கள் மகன் என் மகளின் கையை விடவில்லை. நானும் அவனை விடமாட்டேன்.