ஏழு இருந்த இடத்தில்

எங்கள் ஆபீஸ் முற்றத்தில் பைக் நிறுத்த நிழலான இடம் ஒன்றுதான் உண்டு, இன்ஸ்பெக்டர் சேர். பதினோரு வருஷமாக அங்கே என் பைக்தான் நின்றது. முஸம்மில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே தன் பைக்கை அதில் நிறுத்தினான். தெரியாமல் செய்ததுதான். நான் என் பைக்கை வெயிலில் நிறுத்தினேன்.

என் பெயர் நிஸ்தார். மாத்தளையிலிருந்து கராம்பும் மிளகும் வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பனியில் கம்ப்யூட்டர், மெயில் எல்லாம் பார்ப்பவன். வில்கமுவ களஞ்சியத்துக்கு இன்டர்நெட் கொடுக்க, பஸ் இல்லாத நாளில் டிரக்டரில் குலுங்கிப் போனவனும் நான்தான். முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் முதலாளி யாகூப் ஹாஜியார் "நிஸ்தாரைக் கூப்பிடு" என்பார். முஸம்மில் வந்த பிறகு வாய்க்கு வாய் முஸம்மில். அவனோ என்னை நானா, நானா என்று சொந்த அண்ணனைப்போல மரியாதையாகத்தான் கூப்பிட்டான். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

பெருநாள் கழிந்து கம்பனியில் விருந்து நடந்தது. ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடும் சஹன் சாப்பாடு. ஹாஜியாரின் சஹனில் எப்போதும் நான் இருப்பேன். அன்றைக்கு என் இடத்தில் முஸம்மிலை உட்கார வைத்துவிட்டு, "நிஸ்தார், நீங்க ட்ரைவர்மாரோட உட்காருங்க" என்றார். ட்ரைவர்கள் நல்ல மனிதர்கள்தான். ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமை என்றே எழுதிக்கொள்ளுங்கள். நான் ஒளிக்கவில்லை.

அடுத்த மாதம் அவன் கம்பனி மெயிலைப் புதிய சேர்வருக்கு மாற்றினான். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் கம்பனிப் பெயரில் மெயில் அனுப்ப எந்தச் சேர்வருக்கு அனுமதி என்று, அதன் இலக்கத்தோடு, இணையத்தில் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். மெயிலைப் பெறுகிறவர்களின் சேர்வர் அந்த வரியைப் பார்க்கும். இலக்கம் பொருந்தினால் உள்ளே விடும், பொருந்தாவிட்டால் ஸ்பாமில் தள்ளிவிடும். அனுப்பியவருக்கு மெயில் போனதாகவே காட்டும். முஸம்மில் சரியாகத்தான் எழுதியிருந்தான். பாஸ்வேர்ட் என்னிடமும் இருந்தது. அந்த இலக்கத்தில் ஏழு இருந்த இடத்தில் ஒன்று போட்டேன்.

வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவர்களிடமிருந்து பதில் வருவது நின்றது. முஸம்மில் சேர்வரைக் கழற்றாத குறையாகத் தேடினான். கடைசியில் என்னிடமே வந்தான். "அந்த வரிய ஒருக்கா பாருங்க நானா, பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணே தெரியல்ல."

"நான் பார்த்தேன், சரியாத்தான் இருக்கு" என்றேன்.

திங்கட்கிழமைக்குள் சரிக்கட்டாவிட்டால் வேலை இல்லை என்று ஹாஜியார் அவனிடம் சொல்லிவிட்டார். அந்தத் திங்கட்கிழமை வரும்வரை பொறுத்தால் எனக்குப் போதும்.

வியாழக்கிழமை ஜஸ்லா வந்தாள். தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்யும் பிள்ளை. கப்பலில் போய்க்கொண்டிருந்த கராம்புக் கண்டெய்னருக்குள் பூச்சி கொல்லும் மாத்திரை போட்டிருந்தார்கள். அதிலிருந்து நச்சுவாயு வரும். கதவைத் திறந்து நன்றாகக் காற்றோட விட்டுத்தான் உள்ளே ஏற வேண்டும். கதவில் ஒட்ட வேண்டிய எச்சரிக்கைத் தாளோ அவளுடைய மேசையிலேயே கிடந்திருக்கிறது. கண்டதும் பதறி, சரக்கு வாங்குகிறவர்களுக்கு மெயில் எழுதியிருக்கிறாள்.

"என்ட மெயில் போயிட்டா நானா? பதில் ஒன்னும் வரல்ல. ஒருக்கா கோல் எடுத்துச் சொல்லவா?"

அவள் போனில் கேட்டால் அங்கே ஸ்பாமில் தேடுவார்கள். அது ஏன் அங்கே விழுந்தது என்ற காரணமும் மெயிலிலேயே பதிந்திருக்கும். அதைப் பார்த்தால் முஸம்மிலுக்கு ஐந்து நிமிட வேலை.

"இந்தா பாருங்க, போயிட்டுது" என்று ஸ்கிரீனைக் காட்டினேன். "கோல் எல்லாம் வாணாம் தங்கச்சி. தாள் ஒட்டாத விஷயம் ஹாஜியார்ட காதுக்குப் போனா உங்கட வேலையும் போயிடும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஜஸாகல்லாஹ் நானா" என்று நன்றி சொன்னாள். மெயில் போனது உண்மைதான், சேர். நான் பொய் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திறப்பார்கள் என்பது எனக்குத் தெரியும், அவளுடைய மெயிலிலேயே இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில், அவர்கள் ஸ்பாமைப் பார்க்கட்டும் என்று துஆகூடக் கேட்டேன். அவர்கள் பார்க்கவில்லை. முதலில் ஏறிய கூலியாள் உள்ளே விழுந்தான். அவனைத் தூக்கப் போனவனும் விழுந்தான். இரண்டு பேரும் மௌத்து.

திங்கட்கிழமை காலையில் முஸம்மில் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு போனான். பத்து மணிக்கு நான் அந்த ஒன்றை மறுபடி ஏழாக்கினேன். எல்லோருக்கும் மெயில் போகத் தொடங்கியது. மத்தியானம்தான் அங்கிருந்து அந்த இரண்டு பேரின் செய்தி வந்தது.

ஜஸ்லா தன்னால்தான் இப்படி ஆனது என்று இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். பாவம். அவளுக்குச் சொல்லிவிடுங்கள், அந்த இரண்டு உயிரையும் எடுத்தது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் வாக்குமூலத்தின் இந்தப் பக்கத்தில் 'மெயில் பழுது நீக்கப்பட்டது' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், யார் நீக்கியது என்று இல்லை. முஸம்மில் நாள் கணக்காகத் தேடியும் முடியாததை நான் இரண்டு நிமிடத்தில் சரிக்கட்டினேன், சேர். அந்த இடத்தில் என் பெயரைப் போடுங்கள்.