மேட்டுப் பேரி

மூணு வருசம் இந்தச் சரிவுல ஒரு பேரிக்கா உருப்படல. அம்புட்டும் புழு. அதுக்குக் காரணம் நான். எழுதிட்டீங்களா? அடுத்ததக் கேளுங்க.

மழயும் இல்ல, பனியும் இல்ல தம்பி. அதெல்லாம் உங்க தோட்டக்கல ஆபீஸ் தாள்ல முன்னாடியே அச்சடிச்சிருக்கும். நான் சொல்றத எழுதுங்க. காரணம், சுப்பையா, போளூர்.

உக்காருங்க. அந்தக் கல்லுல உக்காருங்க. கூடையத் தொடாதீங்க. பழம் வேணும்னா கீழ் வரிசையில எத்தன வேணாலும் பறிச்சுக்கங்க. அந்தக் கூடைப் பழம் வேண்டாம். வெரசாக் கேளுங்க, எனக்குச் சோலி கெடக்கு.

மரத்துல பழ ஈக்குக் கட்டுன டப்பாவுல எண்ணிட்டீங்களா? ஏழு ஈயா. ரெண்டு வருசத்துக்கு முன்னால இதே டப்பாவுலருந்து நான் கைநெறயா அள்ளிக் கொட்டுவேன். பக்கத்துச் சரிவுல இன்னமும் அப்பிடித்தான் கெடக்கு, நீங்களே பாத்துட்டு வந்துட்டீங்க. இங்க மட்டும் எப்பிடிப் போச்சுன்னுதான கேக்குறீங்க. போனதச் சொல்லணும்னா மொதல்ல அது வந்ததச் சொல்லணும்.

அந்தா, மேட்டுல ஒத்தையா ஒரு மரம் நிக்குதுல்ல. அது எம் மகன் மரம். ஜெயமுருகன். அவன் பொறந்த அன்னைக்கு நான் வெச்சது. எங்க பங்காளி வீடு நாலுக்கு மட்டும் ஒரு வழக்கம் உண்டு. ஊர்ல மத்தவுகளுக்குக் கெடையாது. பிள்ள பொறந்தா ஒரு மரம். அந்தப் பிள்ள செத்தா, ஒரு வருசம் அந்த மரத்தத் தொடக்கூடாது. பறிக்கக்கூடாது, விழுந்ததப் பொறுக்கக்கூடாது. செத்தவுக பங்குன்னு விட்டுர்றது. வருசம் திரும்புனதும் வீட்டுப் பொம்பள ஒருத்தி மொதப் பழத்தப் பறிச்சு பெரிய ஆளு கைல குடுப்பா. அவரு கடிக்கணும். அதோட துக்கம் கழிஞ்சது.

ஆமா, செத்துட்டான். நாலு வருசமாச்சு. ஆனி மாசம். காய ஏத்திக்கிட்டுக் கொடைக்கானலுக்குப் போனான். பனியில வளைவு தெரியல. ஜீப்பு கவுந்துருச்சு. அது போதும், மேல கேக்காதீங்க.

மரத்துல காய் அப்பிடித் தொங்குது அப்ப. விட்டுட்டோம். விழுந்துச்சு, அழுகுச்சு, கெடந்துச்சு. மறு வருசம் ஆனி வந்துச்சு. வீட்ல கேட்டா, ஏங்க, வருசம் திரும்பிருச்சே, பறிக்கலையான்னு. அவ மறுபடி கேட்டா. வாய மூடுன்னேன். கடிச்சிட்டா அதோட சரின்னு அர்த்தம் தம்பி. எனக்குச் சரியாகல. ரெண்டாவது வருசமும் விட்டேன். மூணாவது வருசமும் விட்டேன்.

மரம் காய்க்கிறத நிறுத்துமா? அது பாட்டுக்குக் காய்ச்சுது. அது பாட்டுக்கு விழுந்துச்சு.

அதுவரைக்கும் இங்க ஈயே இல்லன்னு சொல்ல வரல. இருந்துச்சு. கூடைக்கு ஒண்ணு ரெண்டு சொத்தக் காய் வரும். ரெண்டாவது வருசம் பாதிக் காய்ல புழு. மூணாவது வருசம் அறுத்த காயெல்லாம் புழு. வெளிய பாத்தா மஞ்சளா, பளபளன்னு இருக்கும். ஊசி குத்துன மாதிரி ஒரு புள்ளி, அதுல ஒரு சொட்டுப் பால். அவ்வளவுதான். உள்ள சோறு மாதிரி நெளியும். கமிசன் கடையில ஒரு தடவ மூட்டைய என் கண்ணு முன்னால ரோட்டுல கவுத்தான். போளூர்க் காயா, வேண்டாம்னுட்டான்.

மருந்து அடிச்சேன். ஏன் அடிக்காம. வாரம் ஒருக்க அடிச்சேன். காய்க்குள்ள இருக்குற புழுவுக்கு என்ன ஆகும்? தேனீதான் செத்துச்சு. உங்களுக்கு முன்னால ஒரு ஆபீசர் வந்தாரு. அவருதான் இந்த டப்பாவக் கட்டுனாரு. உள்ள ஒரு மரத்துண்டு, அதுல வாசன மருந்து. ஒரே நாள்ல டப்பா நெறஞ்சுது. எனக்குப் பெரும. பன்னெண்டு டப்பா கட்டுனேன். செத்த ஈயக் குமிச்சு வெச்சு ஊரக் கூப்பிட்டுக் காட்டுனேன்.

மேட்டு மரத்தடிய மட்டும் தொடல.

திருமலைச்சாமின்னு கீழ்த் தோட்டத்துக்காரரு. நல்ல மனுசன். ரெண்டு தடவ வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்னு கேட்டாரு. அண்ணே, அந்த மேட்டு மரத்துல விழுந்தத மட்டும் நான் அள்ளிட்டுப் போயிக் கொளுத்திர்றேன், உங்க கை படவேண்டாம்னாரு. வேலியத் தாண்டுனா காலு இருக்காதுன்னேன். அந்தத் தை மாசம் அவரு மரத்த அறுத்துட்டாரு. அம்பத்திரெண்டு மரம். அவுக அப்பா வெச்சது. காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் மிசின் சத்தம். நான் வீட்டுக்குள்ள உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். இப்ப அந்த எடத்துல கேரட்டு போட்டுருக்காரு. வரும்போது பாத்துருப்பீங்க.

தண்ணி குடிங்க.

மருமகளப் பத்திச் சொல்லணும். சிலோன்லருந்து வந்த குடும்பம். தாத்தன் பாட்டி கண்டிப் பக்கம் தேயிலத் தோட்டத்துல இருந்தவுக. மகன் அவனாப் பாத்துக் கட்டிக்கிட்டான். எனக்குப் பிடிக்கல. அவ வீட்டுக்குள்ள வந்த அன்னைக்கு நான் பூண்டுக் காட்டுல போயி நின்னுக்கிட்டேன். சாயங்காலம் வந்து பேரு என்னன்னு கேட்டேன். சொன்னா. இந்தப் பேர வெச்சுக்கிட்டு எங்க வீட்ல எப்பிடிப் பாத்திரம் வெளக்குவன்னு கேட்டேன். அவ சிரிச்சா. மகன் சிரிக்கல. அதுக்குப் பெறகு நான் அவ பேரச் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. இந்தாம்பேன். வருவா.

கல்யாணமாகி ரெண்டு வருசந்தான் இருந்தான் அவன். பிள்ள இல்ல. அவன் போன பெறகும் அந்தப் புள்ள எங்ககூடத்தான் இருந்துச்சு. பேச்சு கம்மி. ஒரு நா மேட்டு மரத்துலருந்து உருண்டு வேலிக்கு வெளிய வந்த பழம் ஒண்ண எடுத்து, ஊறுகா பாட்டில்ல மண்ணப் போட்டு, அதுமேல வெச்சு, துணியால வாயக் கட்டி சன்னல்ல வெச்சிருச்சு. நான் பாத்தும் பாக்காத மாதிரி இருந்தேன். புழு வெளிய வந்துச்சு. வில்லு மாதிரி வளைஞ்சு துள்ளுது தம்பி, ஒரு சாண் ஒசரம். துள்ளி மண்ணுக்குள்ள போயிருச்சு. கொஞ்ச நாள்ல மண்ணுக்குள்ள கோதும மணி மாதிரி கூடு. மூணாவது வாரம் பாட்டிலுக்குள்ள ஈ. அந்தப் புள்ள ஒவ்வொண்ணா எண்ணிருக்கு.

சோத்துக்கு உக்காந்திருந்தேன். பாட்டிலக் கொண்டாந்து முன்னால வெச்சுச்சு. மாமா, ஒரு பழத்துலருந்து இருபத்தி ஆறு ஈ. மரத்தடியில எத்தன பழம் கெடக்குன்னு நீங்களே பாருங்கன்னுச்சு. எங்க பாட்டன் காலத்துல ஏன் வரலன்னு கேட்டேன். அப்ப வேலி இல்லயே மாமா, விழுந்தத காட்டுமாடு வந்து தின்னுட்டுப் போயிருக்கும், இப்பதான் சோலார் வேலி போட்டு மாட்ட நிப்பாட்டிட்டோமேன்னுச்சு. வேலி போட்டது நான். எனக்குச் சுருக்குன்னுச்சு. டப்பாதான் கட்டிருக்கே, தெனம் சாகுதேன்னேன். அதுல ஆம்பள ஈ மட்டுந்தான் மாமா சாகும், பொம்பள ஈக்கு ஒண்ணும் ஆகாது, அது பாட்டுக்கு இருக்கும்னுச்சு.

நான் சொன்னேன். எங்க வீட்லயும் அதான நடந்துருக்குன்னேன்.

ஆமா. சொன்னேன்.

வீட்டுக்காரி கைல இருந்த கரண்டிய அப்பிடியே கீழ வெச்சா. அந்தப் புள்ள அழுகல. பாட்டில எடுத்துக்கிட்டுப் போயி சன்னல்ல பழைய எடத்துலயே வெச்சுச்சு. எனக்கு மோர் ஊத்துச்சு. மறுநா வெள்ளனே துணியக் கட்டிக்கிட்டு கவுஞ்சிக்குப் போயிருச்சு, அண்ணன் வீட்டுக்கு. போகாதன்னு நான் சொல்லல.

எழுதுறத நிப்பாட்டாதீங்க. இதையும் எழுதுங்க. சரி, எழுத எடமில்லன்னா விடுங்க.

மூணாவது வருசம். மகன் போனதுலருந்து எனக்கு விடியக்காலந்தான் தூக்கமே வரும். எந்திரிக்க எட்டு மணியாயிரும். அப்ப ஒண்ணு கவனிச்சேன். மேட்டு மரத்தடி சுத்தமாக் கெடக்கு. தெனமும். பழம் விழுகுற சத்தம் கேக்குது, விழுந்த பழத்தக் காணோம். மண்ணு லேசாக் கிளறிவிட்ட மாதிரி இருக்கு. காட்டுமாடு வேலியத் தாண்டி வருதுபோலன்னு நெனச்சேன். காலடி இல்ல. வீட்ல கேட்டேன். எனக்குத் தெரியாதுன்னா. அவ பொய் சொன்னா காத நோண்டுவா. நோண்டுனா.

ஆடிக் காத்துல ஒரு நா கூரத் தகரம் படபடன்னு அடிச்சு முழிச்சிட்டேன். அப்பத்தான் வெளுக்குது. வெளிய வந்தா வேலிச் சுவிட்சு அமத்திக் கெடக்கு. மேட்டுல ஆள். குனிஞ்சு குனிஞ்சு பொறுக்குது. முதுகுல கூடை, கயிறு நெத்தியில. தேயிலக் கொழுந்து எடுக்குறவுக கட்டுற மாதிரி, ரெண்டு கையும் சும்மா இருக்கணும்னு. ரெண்டு கையாலயும் அள்ளுது. புழுப் பழத்த. கவுஞ்சியிலருந்து அந்தப் பனியில ஒரு மணி நேரம் நடந்து வந்து, நான் எந்திரிக்கிறதுக்கு முன்னால போயிர்றது. ஒரு மாசமா.

மண்வெட்டிய எடுத்துக்கிட்டுப் போனேன். எதுக்கு எடுத்தேன்னு எனக்கே தெரியாது. கிட்டப் போனேன். அந்தப் புள்ள நிமிந்து பாத்துச்சு. ஓடல. கையில இருந்த பழத்தக் கீழ போடவும் இல்ல.

அவுக மரத்த ஊரே திட்டுது மாமா. என்னால காதால கேக்க முடியல.

அவ்வளவுதான் சொல்லுச்சு. திரும்பிக் குனிஞ்சு பொறுக்க ஆரம்பிச்சிருச்சு.

நான் என்ன செஞ்சனா? வேலி ஓரமாப் போயி மண்ணு வெட்டுனேன். ரெண்டர அடி ஆழம். அதுக்குக் கம்மியாப் போட்டா ஈ மண்ணத் தொளச்சுக்கிட்டு மேல வந்துரும். அந்தப் புள்ள கூடையக் கவுத்துச்சு. நான் மூடி மிதிச்சேன். மறுநா அதுக்கு முன்னால நான் போயி நின்னேன். காய் முடியிற வரைக்கும் தெனம். அந்தப் புள்ள பொறுக்கும், நான் பொதைப்பேன். பேச்சு எதுக்கு.

பெறகு அந்தப் பாட்டிலத் தூக்கிக்கிட்டு அந்தப் புள்ள இந்தச் சரிவுல ஆறு தோட்டத்துக்கும் போச்சு. எல்லாரு கண்ணுலயும் காட்டுச்சு. எல்லாரும் பொறுக்குறாக, பொதைக்கிறாக. மாசிக்குள்ள மரத்தடி மண்ண ஒரு கொத்துக் கொத்திவிட்டோம், கூடு வெயில்லயும் பனியிலயும் சாகட்டும்னு. டப்பாவும் கட்டிருக்கோம், அது வேண்டாம்னு சொல்லல. ஆனா டப்பா மட்டும் போதாது தம்பி. அத உங்க ஆபீஸ்ல சொல்லுங்க. ஏழு ஈன்னா இதான்.

இந்த ஆடி மொத வாரம் அந்தப் புள்ள மேட்டு மரத்துல ஏறி ஒரு பழம் பறிச்சுச்சு. எங் கைல குடுத்துச்சு. நான் கத்திய எடுத்து அறுத்தேன். கடிக்கத்தான வழக்கம், அறுத்துப் பாக்கவான்னு வீட்டுக்காரி வஞ்சா. நடு வரைக்கும் வெள்ளையா இருந்துச்சு. கடிச்சேன். அந்தப் புள்ள அப்பத்தான் அழுதுச்சு. நான் பூண்டுக்குத் தண்ணி பாயுதான்னு பாக்கப் போயிட்டேன்.

முடிஞ்சுதா?

எம் பேரா? எம் பேர மேல எழுதியாச்சுல்ல, காரணம்னு. சரி பண்ணுன ஆளு பேரக் கீழ எழுதணும். அது அந்தப் புள்ள.

கணவர் பேரா? அந்தக் கட்டத்த விட்டுருங்க. ஜெயமுருகன்னு எழுதாதீங்க. வேண்டாம். ஆவணி பொறந்துருச்சு, நாளைக்குப் பூம்பாறைக் கோயில்ல கல்யாணம். பையன் மன்னவனூரு, நான்தான் பாத்தேன். நான்தான் போயிக் கேட்டேன். திருமலைச்சாமி வண்டியிலதான் எல்லாரும் போறோம். அந்தக் கூடை அதுக்குத்தான், சீர்த் தட்டுல வெக்க. மேட்டு மரத்துப் பழம். அதான் தொடாதீங்கன்னேன். நாளான்னைக்கு வந்தீங்கன்னா அந்தக் கட்டத்த நெரப்பிக்கலாம்.

தகப்பன் பேரா.

அவ அப்பா செத்துப் பத்து வருசமாச்சு. சுப்பையான்னு போடுங்க. தார வாத்துக் குடுக்குறது நான்தான்.

அந்தப் புள்ள பேரா? இம்புட்டு நேரம் நான் சொல்லலையா. சொல்லிப் பழக்கமில்ல தம்பி. நாளைக்கு ஐயரு கேட்டாலும் நான்தான் சொல்லணும்.

எழுதுங்க. மகாராணி.