சிவப்புத் தீவுகள்

— அந்தச் சிவப்புத் தீவுகள் என் படம்ங்க. மைக்ராஸ்கோப்ல கண்ணு எரிய எரிய உக்காந்து எடுத்தது. கருத்தரங்கு மேடையில உங்க பேரை மட்டும் போட்டுக் காட்டியிருக்கீங்க.

— அட, கதவைச் சாத்தும்மா, லேப்ல எல்லாரும் பாக்கறாங்க. புருஷன் பொண்டாட்டிக்குள்ள உன் பேர் என்ன, என் பேர் என்ன?

— அப்படின்னா என் பேரையே போட்டிருக்கலாமே?

— அட, அவசரத்துல விட்டுப்போச்சும்மா.

— முன் வரிசையில இருந்தாராமே பெரியவர், அவர் லேப்லதான் நான் வேலைக்குக் கேட்டிருக்கேன். தெரிஞ்சேதானே செஞ்சீங்க?

— நானே அவர்கிட்ட பேசறேன், போதுமா?

— பேசறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க. படமே தப்பு.

— என்ன உளர்றே?

— செல்லோட சவ்வுல நான் சிவப்புச் சாயம் ஏத்தின அந்தக் கொழுப்புக்கு மைனஸ் சார்ஜ். ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டு விலகி நிக்கணும். ஆனா தீவு தீவா சேர்ந்து நின்னுச்சு. என்னமோ பெருசா கண்டுபிடிச்சுட்டோம்னு நானும் குதிச்சேன். நேத்து சுத்தமான தண்ணியில திரும்பச் செஞ்சு பாத்தேன். ஒரு தீவு இல்ல. சிவப்பு எல்லா இடத்துலயும் பரவிக் கெடக்கு.

— அப்ப முதல்ல வந்தது?

— தண்ணியில கால்சியம் இருந்திருக்கு. அதுக்கு ப்ளஸ் சார்ஜ். நடுவுல புகுந்து எல்லாத்தையும் இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கு. படிக்கற பிள்ளைக்கே தெரிஞ்ச சங்கதி. தண்ணி சுத்தம் பண்ற மெஷின் ரிப்பேர்ல கெடந்தப்ப எனக்குப் பாட்டிலை நிரப்பிக் குடுத்தது யாருங்க?

— நான்தாம்மா.

— எந்தத் தண்ணி அது?

— குழாயில புடிச்சேம்மா. ஒரு நாளைக்குத்தானேன்னு நினைச்சேன். சொல்லணும்னுதான் இருந்தேன்.

— வேற யார் குடுத்திருந்தாலும் டெஸ்ட் பண்ணாம தொட்டிருக்க மாட்டேன். நீங்க குடுத்தீங்கன்னு அப்படியே ஊத்தினேன்.

— மன்னிச்சுடும்மா.

— அந்தப் பெரியவர் தண்ணி எதுன்னு கேக்காமலா விட்டாரு? ஆயுசு பூரா அவர் செஞ்ச வேலையே கால்சியம்தானே?

— கேட்டாரு. முதல் கேள்வியே அதுதான்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— அட... அத்தனை பேரும் என்னையே பாத்தாங்கம்மா.

— என்ன சொன்னீங்க?

— எனக்கு எதுவும் தெரியாது, தண்ணி புடிச்சது என் மனைவின்னு சொல்லிட்டேன்.