சனிக்கிழமை எண்ணெய்

முதல் தடவை எண்ணெய்க் கிண்ணம் கை தவறித்தான் கவிழ்ந்தது. அதை நீங்கள் நம்பலாம், இன்ஸ்பெக்டர் அய்யா. என் கை அப்படி. தறி ஓட்டினால் நூல் அறும், பால் காய்ச்சினால் பொங்கும்.

சனிக்கிழமைதோறும் சோமனூர்த் தறியை விட்டுவிட்டு, அப்பா சுப்பண்ணனுக்கு எண்ணெய் தேய்த்துவிட உடுமலைப்பேட்டைத் தோட்டத்து வீட்டுக்கு வருவேன். அன்று குளியலறைத் தரையெல்லாம் நல்லெண்ணெய். அப்பா வழுக்கி, கதவைப் பிடித்துத் தப்பினார். அப்புறம் நாள் முழுக்க என் தோளைப் பிடித்தே நடந்தார். பயந்தால் இவர் என் பேச்சைக் கேட்பார் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பேச்சு, மெர்சியைப் பற்றியது. நர்சு வேலை தெரிந்த பெண். சம்பளத்துக்கு வீட்டோடு தங்கி அப்பா அம்மா இருவரையும் பார்த்துக்கொள்ளச் சம்மதித்திருந்தாள். பூத்திலிருந்து போன் போட்டும் கேட்பேன், நேரிலும் கேட்பேன்.

"ஆகட்டுங் கண்ணு, பார்க்கலாம்" என்பார் அப்பா.

"மொதல்ல சாப்புடு சாமி" என்பார் அம்மா ராசாத்தாள்.

எங்கள் பக்கம் மாட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. சோறு போட்டு அனுப்பிவிடுவார்கள். மெர்சியின் சாதிதான் தடை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். சனிக்கிழமை தறிக்காரர்களுக்குக் கூலி போடும் நாள், நான் இல்லாவிட்டால் அங்கே ஒரே குழப்பம். ஆனால் நான் மெர்சியை வைக்கச் சொன்ன காரணம் அதுவல்ல.

ஆகவே இரண்டாவது கிண்ணத்தை நானே ஊற்றினேன். கொஞ்சம்தான். சின்னதாக ஒரு அடி பட்டால் போதும். கை எலும்பு முறிவதென்றால் இடது கை. வலது கையால் அவர் சாப்பிட வேண்டுமல்லவா, அதையெல்லாம் யோசித்தேன். அம்மாவுக்கு ஆபத்தில்லை. பெண்களின் எண்ணெய்க் குளியல் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை தரையில் எண்ணெய் கிடந்தால் யாரும் ஏனென்று கேட்கவும் மாட்டார்கள். நான் காப்பி குடிக்க உட்கார்ந்தேன்.

சத்தம் கேட்டு ஓடினால், உள்ளே கிடந்தது அம்மா. தலை தண்ணீர்த் தொட்டியில் மோதியிருந்தது. வலி தெரிந்திருக்காது என்றார் டாக்டர். எனக்கு அது பெரிய ஆறுதல்.

காரியமெல்லாம் முடிந்தது. அப்பா தனியாகிவிட்டாரே என்ற கவலையில் மறுபடி கேட்டேன். எல்லாமே அந்தக் கவலையில் செய்ததுதான், அய்யா.

"ஏனுங்கப்பா, இப்பவாச்சும் அந்தப் புள்ளையக் கூட்டியாரட்டுங்களா?"

இந்தத் தடவை அவர் ஆகட்டும் என்று சொல்லவில்லை.

"அவ வந்துட்டா நீ சனிக்கெழமைக்கு வரமாட்டேன்னுதான் கண்ணு வேண்டாமுன்னு இருந்தோம்" என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்தார்.

"நீ எண்ணெய ஊத்துனத உங்கம்மா பார்த்துட்டா. 'பையன் கைதவறி ஊத்திப்போட்டான்னே நெனச்சுக்குங்க, யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க, நான் தொடச்சுப்போட்டு வாரேன்'னு சொல்லீட்டுத்தான் உள்ள போனா."